விலையும் வசதியும்: தொலைக்காட்சிப் பெட்டிச் சந்தையில் போட்டி இயங்கும் முறை

ஒரு குடும்பம் தன் சேமிப்பிலிருந்து வாங்கும் பொருள்களுள் தொலைக்காட்சிப் பெட்டி ஒருவகையில் தனித்து நிற்கிறது. அரிசியைக் கையில் அள்ளிப் பார்க்கலாம். துணியை விரித்துப் பார்க்கலாம். ஆனால், மின்னணுச் சாதனத்தின் தரம் மூடிய பெட்டிக்குள் மறைந்திருக்கிறது. வாங்குபவர் அறியக்கூடியவை இரண்டு மட்டுமே: கடைக்காரர் கூறும் விலை, அட்டைப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வசதிகளின் பட்டியல். ஆகவே உற்பத்தியாளர்களின் போட்டியும் இவ்விரண்டையே சுற்றி நடைபெறுகிறது.

போட்டி மிகுந்தால் விலை குறையும், தரம் உயரும் என்பது பொருளாதார நூல்கள் கூறும் பொது விதி. இவ்விதி மின்னணுச் சாதனங்களுக்கும் பெருமளவு பொருந்தும். எனினும், கண்ணுக்குத் தெரியும் தன்மைகளில்தான் போட்டி கூர்மையாக நிகழ்கிறது. மின்செலவு, உழைக்கும் காலம், பழுதுபார்க்கும் வாய்ப்பு போன்ற தெரியாத தன்மைகளில் அது மந்தமாகவே இருக்கிறது. இதன் காரணத்தையும் இதற்கான மாற்றையும் இந்தியத் தொலைக்காட்சிப் பெட்டித் தொழிலின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

மேல்கோட்டையின் நிலை

இப்போட்டியின் பயன் யாரைச் சென்றடைகிறது என்பதை அறியத் தொழிற்சாலை வாயிலில் நின்று பார்த்தால் போதாது. சந்தையின் கடைக்கோடியிலிருந்து பார்க்க வேண்டும். பழைய மைசூர் நாட்டைச் சேர்ந்த மேல்கோட்டை அத்தகைய ஓர் ஊர். 1939-ல் மைசூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட மாண்டியா மாவட்டத்தின் பாண்டவபுரம் வட்டத்தில், ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரமுள்ள யதுகிரிக் குன்றின் மீது இது அமைந்துள்ளது. மைசூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவு. செல்வநாராயணர் கோயிலாலும், இராமானுசர் தங்கியிருந்த திருத்தலம் என்ற புகழாலும் தமிழ் மக்களுக்கு அறிமுகமான ஊர். இல்லத்தில் தமிழும் வெளியில் கன்னடமும் பேசும் ஸ்ரீவைணவக் குடும்பங்கள் இங்குத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன.

மின்னணுக் கருவிகளுக்கும் இந்நிலப்பகுதிக்கும் உள்ள தொடர்பு பழமையானது. 1935 செப்டம்பர் 10 அன்று மைசூரில் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி தம் முயற்சியில் தொடங்கிய சிறு வானொலி நிலையத்தின் பெயர் 'ஆகாசவாணி'. பின்னர் நாட்டின் ஒலிபரப்பு அமைப்பே அப்பெயரை ஏற்றுக்கொண்டது. ஆனால் நிலையம் அருகில் இருப்பது வேறு, அதைக் கேட்கும் பெட்டியை வாங்கும் ஆற்றல் வேறு. அக்காலத்தில் வானொலிப் பெட்டி விலையுயர்ந்த பொருள். அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணமும் செலுத்த வேண்டும். பெட்டியின் விலை எப்படி அமைகிறது என்பது அன்றே இத்தகைய ஊர்களுக்கு முக்கியமான வினாவாக இருந்தது.

ஒரே உறுப்பு, பல பெயர்கள்

இந்தியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் தொடங்கியது. பம்பாய் 1972-லும், சென்னை 1975-லும், பெங்களூர் 1981 நவம்பரிலும் நிலையம் பெற்றன. உள்நாட்டில் பெட்டி தயாரிக்கும் தொழில் 1969-க்குப் பின் வளரத் தொடங்கியது. 1970-ல் மைய அரசு மின்னணுவியல் துறையை நிறுவியது. அந்நிய நிறுவனங்களைத் தவிர்த்துச் சிறு தொழில்களுக்கும் மாநில நிறுவனங்களுக்கும் முன்னுரிமை அளிப்பது அன்றைய கொள்கையாக இருந்தது. சென்னையில் டயனோரா, சாலிடேர். ஐதராபாத்தில் பொதுத்துறையைச் சேர்ந்த ஈ.சி.; கேரளத்தில் கெல்ட்ரான்; உத்தரப் பிரதேசத்தில் அப்ட்ரான்; வடக்கே வெஸ்டன், டெலிவிஸ்டா எனப் பல பெயர்களில் பெட்டிகள் சந்தைக்கு வந்தன.

பெயர்கள் பல, ஆனால் பெட்டியின் உயிர்நாடியான படக்குழல் ஒருசில மூலங்களிலிருந்தே வந்தது. பெங்களூரைத் தலைமையகமாகக் கொண்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் கறுப்பு வெள்ளைப் படக்குழல்களைத் தயாரித்தது. தனியார் துறையில் சாம்டெல் முதலியவை பின்னர் வளர்ந்தன. எஞ்சியது இறக்குமதி. ஒரே குழலையும் ஏறத்தாழ ஒரே மின்சுற்றையும் கொண்ட இரு பெட்டிகளின் படத்தில் பெரிய வேறுபாடு இருக்க வழியில்லை. எனவே தயாரிப்பாளர்கள் வேறுபாட்டை வெளியே தேடினர். மரப்பெட்டியின் மெருகு, இழுத்து மூடும் கதவு, நான்கு கால்கள், குமிழ்களின் அமைப்பு ஆகியன விற்பனைக் கூறுகளாயின. ஊரில் பழுதுபார்ப்பவர் ஒருவர் இருப்பதும் ஒரு நிறுவனத்தின் பெருமையாக விளங்கியது.

ஐம்பதாண்டுகளுக்குப் பின்னரும் இந்நிலையின் அடிப்படை மாறவில்லை என்பது கருதத்தக்கது. படக்குழலின் இடத்தைத் திரவப் படிகத் திரைப்பலகை பிடித்துக்கொண்டது. பெட்டியின் உற்பத்திச் செலவில் பாதிக்கு மேற்பட்ட பங்கு இத்திரைப்பலகைக்கே செல்கிறது. உலகில் அதனைத் தயாரிப்போர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. இந்தியாவுக்குத் தேவையானவை பெரும்பாலும் சீனம் முதலிய நாடுகளிலிருந்து வருகின்றன. 2020-ன் பிற்பகுதியில் உலகச் சந்தையில் திரைப்பலகையின் விலை விரைந்து ஏறியபோது, ஒன்றோடொன்று போட்டியிட்ட நிறுவனங்கள் யாவும் தம் பெட்டிகளின் விலையை உயர்த்த நேர்ந்தது. இது கூட்டுச் சதியன்று. அனைவரும் ஒரே கிணற்றில் நீர் இறைப்பதன் விளைவு.

உற்பத்தியிலும் இவ்வாறே. திருப்பதியில் உள்ள டிக்சன் நிறுவனத்தின் தொழிற்சாலை போன்றவை பல பெயர்களுக்குப் பெட்டிகளைப் பூட்டித் தருகின்றன. கோடக், தாம்சன் என்ற பழைய வெளிநாட்டுப் பெயர்களைத் தாங்கிய பெட்டிகள், அப்பெயரைப் பயன்படுத்தும் உரிமம் பெற்ற ஓர் இந்திய நிறுவனத்தால் விற்கப்படுகின்றன. ஆகவே பெயர் என்பது தொழிற்சாலையின் முகவரி அன்று. விற்பனை, உத்தரவாதம், பழுதுநீக்கம் ஆகியவற்றுக்கான பொறுப்பின் முகவரி மட்டுமே.

விலை குறையும் வழிகள்

உறுப்புகள் பொதுவாக இருக்கும் சந்தையில் ஒரு நிறுவனம் மற்றொன்றைவிடக் குறைந்த விலைக்கு விற்பது எவ்வாறு? நான்கு வழிகளைக் குறிப்பிடலாம்.

முதலாவது, உற்பத்தியின் அளவு. வடிவமைப்பு, அச்சு வார்ப்பு, விளம்பரம் ஆகியவற்றுக்கான செலவு ஒரே தொகைதான். அதனை ஆயிரம் பெட்டிகளின் மீது பகிர்வதற்கும் பத்து இலட்சம் பெட்டிகளின் மீது பகிர்வதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. 1982 ஆகஸ்ட் 15 அன்று நாட்டில் வண்ண ஒளிபரப்புத் தொடங்கியது. அவ்வாண்டு நவம்பரில் தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. 1984-ல் ஏறத்தாழ நாளுக்கொன்று என்னும் வேகத்தில் சிறு ஒளிபரப்பிகள் நிறுவப்பட்டன. தேவை திடீரெனப் பெருகியது. பெரும் அளவில் உற்பத்தி செய்யும் முதலும், ஜப்பானிய நிறுவனங்களின் தொழில்நுட்ப ஒத்துழைப்பும் பெற்ற ஒனிடா, பி.பி.எல்., வீடியோகான் ஆகியவை முன்னணிக்கு வந்தன. ஆண்டுக்குச் சில ஆயிரம் பெட்டிகளை மட்டும் பூட்டிய சிறு நிறுவனங்களால் அவ்விலைக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. 1990-களில் சோனி, சாம்சங், எல்.ஜி. ஆகியவை நுழைந்தபோது இதே விதி இந்திய முன்னணி நிறுவனங்களையும் நெருக்கியது.

இரண்டாவது, வரி. விலையில் வரியின் பங்கு பெரிதாகையால், எந்த அளவுப் பெட்டியில் போட்டி மும்முரமாகும் என்பதையே அது முடிவு செய்கிறது. 2019 ஜனவரி 1 முதல் 32 அங்குலம் வரையிலான தொலைக்காட்சிப் பெட்டிகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 18 சதவீதமாகவும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 28 சதவீதமாகவும் இருந்தது. வரிக்கு முன் 20,000 ரூபாய் மதிப்புள்ள பெட்டி, முதல் வகையில் 23,600 ரூபாய்க்கும் இரண்டாம் வகையில் 25,600 ரூபாய்க்கும் விற்கும். இந்த 2,000 ரூபாய் இடைவெளி தொழில்நுட்பத்தால் வந்ததன்று. 2025 செப்டம்பர் 22 முதல் இரு வகைக்கும் 18 சதவீதமே என்றானபின் அவ்வரம்பு மறைந்தது. சுங்கத் தீர்வையும் இவ்வாறே செயல்படுகிறது. முழுப் பெட்டியின் மீதான தீர்வை 2017 டிசம்பரில் 10 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக உயர்ந்தது. 2020 ஜூலையில் வண்ணப் பெட்டிகளின் இறக்குமதிக்கு உரிமம் கட்டாயமாயிற்று. முழுப் பெட்டியாகக் கொணர்வதினும் திரைப்பலகையைக் கொணர்ந்து இங்கே பூட்டுவதே ஆதாயம் என்ற நிலை இதனால் உறுதிப்பட்டது. மைசூருக்கு அருகில் நஞ்சன்கூட்டில் அச்சு மின்சுற்றுப் பலகைகள் செய்யும் தொழிற்சாலை இருப்பினும், பெட்டியின் மதிப்பில் பெரும்பகுதியான திரைப்பலகை வெளியிலிருந்தே வர வேண்டியுள்ளது.

மூன்றாவது, உறுப்புகளைக் கழித்தல். 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஏர்ல் மன்ட்ஸ் என்னும் வணிகர், பெட்டியின் உள்ளுறுப்புகளை ஒவ்வொன்றாக வெட்டியெடுத்துப் பார்த்து, எது இல்லாவிடினும் படம் தெரிகிறதோ அதனை நீக்கிவிட்டு மலிவான பெட்டிகளை விற்றார். ஒளிபரப்பு நிலையம் அருகிலிருந்த நகரங்களில் அவை நன்றாகவே இயங்கின. வலுக்குறைந்த அலைகளே எட்டும் தொலைவிடங்களிலோ அவற்றின் குறை வெளிப்பட்டது. நீக்கிய உறுப்புகள் வீணானவை அல்ல, தொலைவிலிருப்பவருக்கு வேண்டியவை.

இப்பாடம் மேல்கோட்டை போன்ற பகுதிக்கு நேரே பொருந்துவது. 1980-களின் சிறு ஒளிபரப்பிகள் 100 வாட் ஆற்றலுடையவை. அவற்றின் வீச்சு சுமார் 15 கிலோமீட்டர். அதற்கு அப்பால் உயர்ந்த கம்பத்தில் கட்டிய ஆன்டெனாவும், மெல்லிய அலையையும் பற்றும் நல்ல டியூனரும் தேவைப்பட்டன. குன்றின் மேலுள்ள வீட்டுக்கு எட்டும் அலை, குன்றின் மறைவில் அமைந்த அடிவாரத்து வீட்டுக்கு எட்டாது. மின்னழுத்தம் தாழ்ந்தும் ஏறியும் வரும் ஊரில், அதனைத் தாங்கும் மின்வழங்கிப் பகுதி இன்றியமையாதது. நகரத்துக் கடையில் அருகருகே ஒளிரும் இரு பெட்டிகளிடையே இவ்வேறுபாடுகள் தென்படா. விலைச்சீட்டின் வேறுபாடு மட்டும் தென்படும்.

நான்காவது, பெட்டியின் விலையில் பெறாத ஆதாயத்தை வேறிடத்தில் பெறுதல். 2018 பிப்ரவரியில் சீனத்தின் சியோமி நிறுவனம் 55 அங்குலப் பெட்டியை 39,999 ரூபாய்க்கு இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. இணையவழி விற்பனையால் முகவர்களின் பங்கு குறைந்தது. அவ்வாண்டு ஏப்ரலில், சாதனங்களில் நிகர இலாபம் 5 சதவீதத்தைத் தாண்டாது என அந்நிறுவனம் உலகளவில் அறிவித்தது. இணையத்துடன் இணைந்த பெட்டியின் முகப்புத் திரை ஒரு விளம்பரப் பலகையாகவும் பயன்படுகிறது. அதில் எந்தச் சேவை முதலில் தோன்ற வேண்டும் என்பதற்கும் விலை உண்டு. இத்தகைய சந்தையில் பெட்டியை வாங்குபவர் தம் கவனத்தையும் பார்க்கும் பழக்கத்தைப் பற்றிய செய்திகளையும் விலையின் ஒரு பகுதியாகக் கொடுத்துவிடுகிறார். விலைச்சீட்டில் இத்தொகை குறிக்கப்படுவதில்லை.

வசதிகளின் எண்ணிக்கையும் பயனும்

விலையில் ஓரளவுக்குமேல் இறங்க இயலாத நிலையில் நிறுவனங்கள் வசதிகளைக் கூட்டுகின்றன. அவற்றுள் எளிதில் எண்ணாகச் சொல்லத்தக்கவையே விளம்பரத்தில் முதலிடம் பெறுகின்றன.

இதற்கு டிரான்சிஸ்டர் வானொலியின் வரலாறு நல்ல சான்று. 1954-ல் அமெரிக்காவில் 49.95 டாலருக்கு விற்பனைக்கு வந்த ரீஜென்சி வானொலியில் நான்கு டிரான்சிஸ்டர்களே இருந்தன. பின்னர் ஆறு, எட்டு, பத்து எனப் பெட்டியின் முகப்பிலேயே எண்ணிக்கையைப் பொறிக்கும் வழக்கம் ஏற்பட்டது. எண் உயர்ந்தால் தரம் உயரும் என மக்கள் நம்பினர். ஒலிக்கு எவ்விதத்திலும் உதவாத டிரான்சிஸ்டர்களைச் சுற்றில் சேர்த்து எண்ணிக்கையை மட்டும் உயர்த்திய தயாரிப்பாளர்களும் இருந்தனர். இந்தியாவில் 1990-களில் ஒலிப்பெருக்கிகளுக்கும் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கும் 'பி.எம்.பி.ஓ.' என்ற அளவில் நூற்றுக்கணக்கான வாட் எனக் குறித்தது இதே போன்றதே. கணநேர உச்சத்தைக் குறிக்கும் அவ்வெண்ணுக்குப் பொதுவான அளவுமுறை கிடையாது. தொடர்ந்து கிடைக்கும் உண்மை ஆற்றல் அதில் ஒரு சிறு பங்கே.

எனினும் எல்லா வசதிகளும் வீண் எனக் கருதுவது தவறாகும். ஒரு வசதியின் மதிப்பு, அது பயன்படும் இடத்தையும் காலத்தையும் பொறுத்தது. தூர்தர்ஷன் மட்டுமே இருந்த நாளில் 12 சேனல்களைத் தேர்ந்தெடுக்கும் குமிழ் தேவைக்கு மேற்பட்டது. 1991-க்குப் பின் கேபிள் இணைப்புகள் பரவின. 1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி தொடங்கியது. கன்னட நாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அன்றுமுதல் இரு மொழி நிகழ்ச்சிகளும் வீட்டிலேயே கிடைக்கலாயின. சேனல்கள் பலவற்றைப் பற்றக்கூடிய டியூனரும், எழுந்து செல்லாமல் மாற்ற உதவும் ரிமோட்டும் அப்போது உண்மையான வசதிகளாயின. பழைய பெட்டியைக் கொடுத்துப் புதியதை வாங்கும் பரிமாற்றத் திட்டங்களை அக்காய் முதலிய பெயர்கள் முன்வைத்ததும் இக்காலத்தில்தான். பின்னர் கேபிள் சேவை கட்டம் கட்டமாக எண்மமுறைக்கு மாறியது. மைசூர் நகருக்கு 2013 மார்ச் 31 காலக்கெடுவாக இருந்தது. இணைப்புப் பெட்டி வீட்டுக்கு வந்ததும் சேனல்களைத் தேர்ந்தெடுக்கும் வேலை அதற்குச் சென்றுவிட்டது. தொலைக்காட்சிப் பெட்டியின் டியூனர் பெருமையிழந்தது. 2004 டிசம்பரில் தொடங்கிய தூர்தர்ஷனின் கட்டணமில்லாச் செயற்கைக்கோள் சேவை, குன்றின் மறைவிலிருந்த வீடுகளின் பழைய இடரையும் தீர்த்தது. இருபது ஆண்டுகளுக்குள் ஒரு வசதி தேவையற்றதாயிருந்து, இன்றியமையாததாகி, மீண்டும் தேவையற்றதாயிற்று.

வாங்குவோரின் வாழ்க்கையை ஆராய்ந்து சேர்க்கும் வசதி செலவு குறைவாகவும் பயன் மிகுதியாகவும் இருக்கக்கூடும். 1990-களின் இறுதியில் எல்.ஜி. நிறுவனம் சிற்றூர்களைக் கருதி 'சம்பூர்ணா' என்னும் பெயரில் வெளியிட்ட பெட்டியில், திரையில் தோன்றும் குறிப்புகள் இந்தி முதலிய இந்திய மொழிகளில் அமைந்தன. அதற்குப் புதிய உறுப்பு எதுவும் தேவைப்படவில்லை. எழுத்துருக்கள் மட்டுமே வேண்டியிருந்தன. ஆங்கிலம் அறியாத முதியவரும் பெட்டியைத் தாமே இயக்கலாம் என்ற பயன் கிட்டியது.

இதற்கு மாறாக, இன்றைய 32 அங்குலத் திரையில் படப்புள்ளிகளின் எண்ணிக்கையை மேலும் மேலும் உயர்த்துவதன் பயன், வழக்கமான தொலைவில் அமர்ந்து காண்போர் கண்ணுக்கு எட்டுவதில்லை. ஒரு பெட்டி உயர்தெளிவுச் சமிக்ஞையை 'ஏற்கும்' என்பதும், அதே தெளிவில் 'காட்டும்' என்பதும் ஒன்றல்ல. அட்டைப் பெட்டியின் மீதுள்ள இவ்வொரு சொல்லின் வேறுபாடு, வாங்குவோர் கூர்ந்து நோக்க வேண்டியது.

அரசே வாங்குபவராகும்போது

வசதிப் போட்டியை நீக்கிவிட்டால் விலை எவ்வளவு இறங்கும் என்பதற்குத் தமிழ்நாடு ஒரு பெரும் சோதனைக்களமாக அமைந்தது. 2006 செப்டம்பரில் தொடங்கி 2011 வரை நடைபெற்ற இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் வழங்கப்பட்டன. மாநில அரசின் எல்காட் நிறுவனம் தர விவரங்களை முன்கூட்டியே வகுத்து ஒப்பந்தப்புள்ளிகளைக் கோரியது. விவரம் அனைவருக்கும் ஒன்றே, வாங்குபவர் ஒருவரே, விளம்பரமும் இல்லை, முகவர் பங்கும் இல்லை. எஞ்சியது விலைப்போட்டி மட்டுமே. கடை விலையினும் கணிசமாகக் குறைந்த விலைக்குப் பெட்டிகளை அளிக்கப் பல நிறுவனங்கள் முன்வந்தன.

இதிலிருந்து இரு முடிவுகள் பெறப்படுகின்றன. கடை விலையில் பெரும்பகுதி பொருளுக்கன்று, அதனை விற்பதற்கு ஆகும் செலவு என்பது ஒன்று. விவரக் குறிப்பில் எழுதப்பட்ட தன்மை மட்டுமே கிடைக்கும் என்பது மற்றொன்று. குறைந்த விலையே ஒப்பந்தத்தை வெல்லும் இடத்தில், மின்சிக்கனமும் உதிரிப் பாகங்களும் குறிப்பில் இல்லையேல் அவற்றுக்காக எவரும் ஒரு ரூபாயும் கூடுதலாகச் செலவிடமாட்டார். அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் மின்னணுச் சாதனங்கள் வாங்கும் அதிகாரிகள் இதனை நினைவிற்கொள்வது நலம். ஒப்பந்தப்புள்ளியின் விவரக் குறிப்பே அங்குப் போட்டியின் திசையை வகுக்கிறது.

வாங்கும் விலையும் வாழ்நாள் விலையும்

மறைந்துள்ள தன்மைகளின் பண மதிப்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு பெட்டி 60 வாட் மின்திறனும், அதே அளவுள்ள மற்றொன்று 100 வாட் மின்திறனும் கொள்வதாகக் கருதுவோம். நாளொன்றுக்கு 5 மணி நேரம் இயங்கினால், முதலாவது ஆண்டுக்குச் சுமார் 110 யூனிட்டும், இரண்டாவது சுமார் 183 யூனிட்டும் செலவிடும். வேறுபாடு 73 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் எனக் கொண்டால் ஆண்டுக்கு 438 ரூபாய். ஏழாண்டுகளில் 3,066 ரூபாய். கடையில் 2,000 ரூபாய் குறைவாகக் கிடைத்த இரண்டாவது பெட்டியே முடிவில் விலைமிக்கதாகிறது.

கர்நாடகத்தில் 2023 ஜூலை முதல் செயல்படும் கிருக ஜோதித் திட்டத்தின் கீழ் வீடுகளுக்கு மாதம் 200 யூனிட் வரை கட்டணச் சலுகை உண்டு. இச்சலுகை பெறும் வீட்டில் அந்த 438 ரூபாயின் சுமை குடும்பத்தைச் சேராமல் அரசின் கணக்கைச் சேரும். குடும்பத்துக்குச் சிக்கனமான பெட்டியை நாடும் தூண்டுதல் குறைவதால், பொருளின் தரத்தை நெறிப்படுத்தும் கடமை அரசுக்கு மேலும் கூடுகிறது.

பழுதுச் செலவும் இத்தகையதே. படக்குழல் காலத்தில் ஒரு மின்தேக்கியோ மின்மாற்றியோ பழுதானால் உள்ளூர்த் தொழிலாளி அதை மட்டும் மாற்றித் தந்தார். இன்று திரைப்பலகை உடைந்தால், அதனை மாற்றும் செலவு புதிய பெட்டியின் விலையை நெருங்கிவிடுகிறது. மாவட்டத் தலைநகருக்கு வெளியே வாழ்பவருக்குப் போக்குவரத்தும் காத்திருப்பும் கூடுதல் செலவாகின்றன. 30,000 ரூபாய் பெட்டி மூன்றாண்டுகளில் பயனற்றுப்போனால் ஆண்டுச் செலவு 10,000 ரூபாய். பத்தாண்டுகள் உழைத்தால் 3,000 ரூபாய். விலைப்போட்டியால் கிடைக்கும் எந்தச் சலுகையும் இவ்வேறுபாட்டுக்கு ஈடாகாது.

மறைந்ததை வெளிக்கொணர்தல்

நிறுவனங்கள் கண்ணுக்குத் தெரியும் தன்மைகளில் போட்டியிடுவது அவற்றின் குற்றம் எனல் பொருந்தாது. வாங்குபவர் அறிய இயலாத தரத்துக்காகச் செலவிடும் நிறுவனம், விலையில் பின்தங்கிச் சந்தையை இழக்கும். ஆகவே தீர்வு போட்டியைத் தடுப்பதில் இல்லை. மறைந்திருக்கும் தன்மைகளை வெளிக்கொணர்ந்து, போட்டி அவற்றின் மீதும் நடைபெறச் செய்வதில் உள்ளது.

இத்திசையில் சில நடவடிக்கைகள் எடுக்கப்பட்டுள்ளன. மின்சிக்கனச் செயலகம் 2006-ல் தொடங்கிய நட்சத்திரக் குறியீட்டு முறையில் தொலைக்காட்சிப் பெட்டிகளும் இடம்பெற்றுள்ளன. ஆண்டுக்கு எத்தனை யூனிட் செலவாகும் என்பது ஒட்டுவில்லையிலேயே காணப்படுவதால், மின்செலவு என்னும் மறைந்த தன்மை விலையைப் போலவே கண்ணுக்குத் தெரிவதாகிறது. 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. நிறுவனங்களின் பழுதுநீக்க விவரங்களை ஓரிடத்தில் காணச் செய்வது அதன் நோக்கம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதலில் 1986-ல் இயற்றப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி, பொருளை எங்கு வாங்கியிருப்பினும் தாம் வாழும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிடலாம். ஐந்து இலட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. இணையத்தின் வழியாகப் பெட்டியை வாங்கும் மேல்கோட்டைவாசி, பெங்களூருக்கோ தில்லிக்கோ அலையாமல் மாண்டியாவிலேயே நீதி கோர இது வழிசெய்கிறது.

எஞ்சியிருக்கும் பணி, உழைக்கும் காலத்தையும் பழுதுபார்க்கும் எளிமையையும் இதே போன்று எண்ணாக்கிப் பெட்டியின் மேல் ஒட்டச் செய்வது. திரைப்பலகைக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், உற்பத்தியை நிறுத்திய பின்னர் எத்தனை ஆண்டுகள் உதிரிப் பாகம் கிடைக்கும், மென்பொருள் எதுவரை புதுப்பிக்கப்படும், பழுதுநீக்கும் நிலையம் எவ்வளவு தொலைவில் உள்ளது ஆகிய நான்கு வினாக்களுக்கும் விடை, விலைக்கு அருகிலேயே அச்சிடப்பட வேண்டும். டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கையைப் போட்டிப் பொருளாக்கிய அதே சந்தை, உதிரிப் பாகம் கிடைக்கும் ஆண்டுகளின் எண்ணிக்கையையும் போட்டிப் பொருளாக்க வல்லது. எந்த எண் அட்டைப் பெட்டியின் மேல் கட்டாயம் இடம்பெற வேண்டும் என்பதை முடிவு செய்வது அரசின் கையில் உள்ளது. அந்த எண்ணைப் படித்துக் கேள்வி கேட்கும் பழக்கத்தை வளர்ப்பது பள்ளிகளின், நுகர்வோர் அமைப்புகளின் பணி. இவ்விரண்டும் நிகழ்ந்தால், போட்டியின் பயன் பெருநகரக் கடைவீதியுடன் நின்றுவிடாமல் குன்றின் மேலும் அடிவாரத்திலும் உள்ள இல்லங்களையும் சென்றடையும்.